இழுப்பறையில் அடித்த மணி

அந்த அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பில்டு அக்காவின் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஃபோன் கிடக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு அது "மாத்திரை நேரம்" என்று காட்டி மணி அடிக்கும். அடித்த கையோடு எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். முதலாளி யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால்கூட பாதியில் எழுந்து வருவார்.

அந்த ஃபோனில் மாத்திரை சாப்பிடுகிற நோயாளி நிஜத்தில் கிடையாது. செயலி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அக்கா உண்டாக்கி வைத்த ஆள். அலுவலகத்தில் அவருக்கு டெஸ்ட் தாத்தா என்று பெயர். வருஷக்கணக்காக மதியம் தவறாமல் மருந்து சாப்பிட்டும் குணமாகாத ஒரே மனிதர் என்று தாடிக்காரன் கிண்டல் செய்வான். அந்தச் சின்ன நிறுவனம் செய்து விற்கிற ஒரே சரக்கு, மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துகிற செயலிதான். ஞாபகமறதிக்காரர்களை நம்பித்தான் அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

தாடிக்காரன் திரைகளை எழுதுவான். பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்பதெல்லாம் அவன் பாடு. அவன் எழுதியதை, கடையில் கிடைக்கிற இரண்டு வகை ஃபோன்களிலும் ஓடும்படி ஒன்றாகக் கட்டி அனுப்புவது அக்காவின் வேலை. எழுதுவது ஒருமுறை, கட்டுவது இரண்டு முறை. அந்தக் கட்டுதலுக்குத்தான் பில்டு என்று பெயர். எழுதுகிறவனுக்குப் பாராட்டு வரும். கட்டுகிறவளுக்கு, கட்டு அவிழ்ந்த அன்று மட்டும் அழைப்பு வரும். அக்காவுக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அவள் சுபாவமே அப்படி. கூட்டத்தில் பின்வரிசையில் நின்றுகொண்டு முன்வரிசைக்காரர்களின் செருப்பைக் கண்காணிக்கிற சுபாவம்.

செயலி என்றால் முழுக்க நாமே எழுதியது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் ஊர் பேர் தெரியாத யார் யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்த பேக்கேஜ்கள். மணி அடிக்க ஒன்று, நாள் கணக்குப் பார்க்க ஒன்று, படம் காட்ட ஒன்று. ஒவ்வொன்றும் வேறு இரண்டை நம்பி நிற்கும். அந்த இரண்டும் இந்த வெர்ஷனுக்கு மேல் வேண்டும், அந்த வெர்ஷனுக்குக் கீழ் வேண்டும் என்று நிபந்தனை போடும். கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர் அந்த வரிசையில் இருந்தால் நான் இலையில் உட்கார மாட்டேன் என்று ஒருவர் முறுக்கிக்கொள்ள, அவரைச் சமாதானம் செய்வதற்குள் இன்னொருவர் கைகழுவப் போய்விடுவார். அக்கா ஒவ்வொருவராக இடம் மாற்றி மாற்றி, கடைசியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு திரையில் ஒரு பச்சைக் குறி வரும். அதைப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

எப்படிப் பேசினாலும் இறங்கி வராத ஜோடிகளும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. செட்டிங்ஸ் ஃபைலில் ஒரே ஒரு வரி: யார் என்ன கேட்டாலும் இந்த வெர்ஷனைத்தான் எடு. அதன் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. சண்டை தீர்ந்தது என்று அர்த்தமில்லை, வாயைப் பொத்தியாயிற்று என்றுதான் அர்த்தம். அக்கா அப்படி ஒரு வரி எழுதும்போதெல்லாம் பக்கத்தில் "தற்காலிகம்" என்று குறிப்பு வைப்பாள். அந்த ஃபைலில் சில தற்காலிகங்கள் தாடிக்காரன் தாடி வளர்ப்பதற்கு முன்பிருந்தே குடியிருந்தன.

அவளே ஒரு தற்காலிகமாக வந்தவள்தான். படித்தது வணிகவியல். அப்பா திடீரென்று போய்விட, வந்த முதல் வேலையைப் பிடித்துக்கொண்டு இங்கே ரசீது எழுத வந்து உட்கார்ந்தாள். பில்டு பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேறு இடம் கிடைத்துப் போனபோது, புது ஆள் வருகிறவரை கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் தலையில் கட்டினார்கள். புது ஆள் இன்றுவரை வரவில்லை. ஆரம்பத்தில் திரையில் சிவப்பு எழுத்தாக ஓடுவதைப் பார்த்து அழுதிருக்கிறாள். பிறகு ஒவ்வொரு சிவப்பு வரியும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைக் கேட்கிறார் என்பதைத் தவிர வேறில்லை என்று பிடிபட்டது. குடும்பத்தில் மூத்தவளாகப் பிறந்தவளுக்கு ஆளுக்கொன்றாகக் கேட்பது புதிதா என்ன?

அவளுக்கு ஒரு தம்பி. அச்சகத்தில் வேலை. பள்ளிக்கூட நாளில் அவனுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. வகுப்பில் விழுவான், மைதானத்தில் விழுவான். பக்கத்து வகுப்பிலிருந்து இவள் ஓடுவாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, சுற்றி நிற்கிற பையன்களை முறைத்து விரட்டுவாள். அவன் கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எல்லாரும் பார்த்தாங்களா?" என்பதுதான். யாரும் பார்க்கலடா என்று இவள் சொல்வாள். அவனும் நம்பியதுபோல் எழுந்து பையை மாட்டிக்கொள்வான்.

டாக்டர் சொன்ன ஒரே மந்திரம், காலையும் இரவும் மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. முதலாளி மாத்திரைச் செயலி செய்யலாம் என்று பேச்செடுத்தபோது அலுவலகத்திலேயே அதிகம் குதித்தது அக்காதான். வெளியுலகுக்கு வருவதற்கு முன்பே தம்பியின் ஃபோனில் அதை ஏற்றிவிட்டாள். அதன் பிறகு அவனுக்கு வலிப்பே வரவில்லை. வருஷங்கள் போயின. அம்மா சாமிக்கு நன்றி சொன்னாள். அக்கா, முகம் தெரியாத எவனோ எழுதிய மணி பேக்கேஜுக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

அச்சகத்தில் அதுவரை அவனுக்குக் கட்டுப்போடுகிற வேலைதான். அடித்து வந்த தாளை எண்ணி, தட்டி நேராக்கி, சணல் போட்டுக் கட்டுவான். மெஷின் பக்கம் விடமாட்டார்கள். அது நியாயமும்கூட. ஆனால் இத்தனை வருஷம் நன்றாக இருந்ததைப் பார்த்த அச்சகக்காரர், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தாள் வெட்டுகிற மெஷினை அவனிடம் கொடுத்து, மறுநாளிலிருந்து மாலையில் தொடங்கி ராத்திரி வரை ஓடுகிற வேலைக்கு மாற்றினார். அன்று மாலை அவன் அக்கா வீட்டுக்கு வந்து, உள்ளங்கையளவு வெள்ளைத்தாள் கட்டு ஒன்றை வைத்தான். ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. "நான் வெட்டினது" என்று சொல்லிவிட்டு, அவள் கணவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனான். அவன் போன பிறகும் அவள் அந்த ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் செயலிகளை விநியோகிக்கிற இணையக் கடையிலிருந்து அறிவிப்பு வந்தது. பழைய ஃபோன் விதிகளுக்குக் கட்டிய செயலிகளை இனி ஏற்க மாட்டோம், புது விதிக்கு மாறுங்கள் என்று கெடு வைத்திருந்தார்கள். இதற்கு அக்கா செய்ய வேண்டியது செட்டிங்ஸில் ஓர் எண்ணை உயர்த்துவது. நான் எந்தக் காலத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று செயலி ஃபோனிடம் சொல்கிற எண் அது. உயர்த்தினாள். உடனே பந்தியில் ரகளை. புது விதிக்கு ஏற்ற மணி பேக்கேஜின் புது வெர்ஷன் ஒன்று இருந்தது. அதை எடுத்தால் நாள் கணக்கு பேக்கேஜ் வெளிநடப்பு செய்தது. ஒரு நாள் முழுக்கக் கெஞ்சிப் பார்த்தாள். முதலாளி வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அக்கா எல்லோர் வாயையும் பொத்துகிற அந்த வரியை எழுதினாள்: மணி பேக்கேஜின் பழைய வெர்ஷனையே எடு. தற்காலிகம்.

பச்சைக் குறி வந்தது. இழுப்பறை ஃபோனில் புது பில்டை ஏற்றினாள். மதியம் டெஸ்ட் தாத்தாவுக்கு மணி அடித்தது. எல்லோரும் டப்பாவோடு எழுந்தார்கள். இதைவிடப் பெரிய சோதனை என்ன வேண்டும்? மறுநாள் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

அதே வாரம் தம்பிக்கு ஒரு புது ஃபோன் வாங்கிக் கொடுத்தாள். அவனுடைய பழையது கண்ணாடி விரிந்து, தேய்த்தால் விரலைக் கீறுகிற நிலையில் இருந்தது. மெஷின்காரன் ஆனவனுக்கு இதுகூட வாங்கித் தரவில்லை என்றால் அக்கா என்ன அக்கா? தானே உட்கார்ந்து செயலியை ஏற்றி, காலை மாத்திரை, இரவு மாத்திரை என்று நேரம் பதித்து, இரண்டு பொத்தானும் பச்சையாக ஒளிர்வதைப் பார்த்த பிறகுதான் அவன் கையில் கொடுத்தாள்.

சில நாளில் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. தம்பி மெஷின் முன்னாலேயே விழுந்துவிட்டான். கத்தி மேலே நின்றிருந்த நேரம் என்பதால் கை தப்பியது. மேசை விளிம்பில் நெற்றி அடித்து, புருவத்துக்கு மேல் பிளந்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தையல் போட்டு முடித்திருந்தார்கள். அம்மா துணிக்கடை வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தவள், அளவெடுக்கிற நாடா இன்னும் கழுத்தில் தொங்க, சுவரோரம் நின்றிருந்தாள். அச்சகக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. தம்பியின் ரத்தத்தில் மாத்திரை மருந்து இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பயத்தில் வருகிற கோபம் இருக்கிறதே, அது கண்மண் தெரியாமல் வரும். அக்காவுக்கு அது வந்தது.

"மாத்திரை போட்டியா இல்லியா?"

"மணி அடிக்கலக்கா."

"அது எப்படி அடிக்காம இருக்கும்?"

"அடிச்சாதான் எனக்கு ஞாபகமே வரும். அடிக்கலன்னா, அடிக்கலங்கிறதும் தெரியாதே. எத்தனை வேளை விட்டேன்னுகூடத் தெரியல."

அவள் அவன் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். நேரம் சரியாக இருந்தது, சத்தம் முழுசாக இருந்தது, இரண்டு பொத்தானும் பச்சையாக இருந்தன. மதியம் இழுப்பறை ஃபோன் அடித்ததைத் தன் காதால் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். "பாரு, பச்சையாதானே இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். "ஊர்ல அத்தனை பேருக்கும் அடிக்குது. உனக்கு மட்டும் அடிக்காமப் போகுமா? நான் கட்டினதுடா அது."

ராத்திரி வேளை மெஷின் இரைச்சலில் கேட்டிருக்காது என்று அச்சகக்காரர் சமாதானம் சொன்னார். காலையில் வீட்டில் ஆள் இல்லாததால் தூக்கத்திலேயே அணைத்திருப்பான் என்று அம்மா சொன்னாள். எல்லாமே பொருத்தமாகத்தான் இருந்தது. தம்பி கட்டுப்போட்ட தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தான். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

அடுத்து நடந்ததெல்லாம் அவரவர் அவனுக்குச் செய்த நல்லதுதான். டாக்டர் மருந்தைக் கூட்டினார். கூட்டிய மருந்தில் அவனுக்கு நாக்கு தடித்தது, விரல் லேசாக நடுங்கியது. அச்சகக்காரர் கோபித்துக்கொள்ளாமல் அவனை மறுபடி பகல் வேலைக்கு மாற்றி, சணல் கட்டுகிற மேசைக்கே அனுப்பினார். அம்மா இரண்டு வேளையும் கடையிலிருந்து அழைத்தாள். போட்டேன் என்று அவன் சொன்னால் போதாது, தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். மீசை வைத்த பிள்ளை, ஃபோனை வாயருகே பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று விழுங்கிக் காட்டினான். அதன் பிறகுதான் அம்மா வைப்பாள்.

அவன் எதற்கும் எதிர்ப்பேச்சு பேசவில்லை. தப்பை உணர்ந்துவிட்டான் என்று அக்கா நினைத்தாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது.

அலுவலகத்துக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புகார் வந்துகொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை என்று. மாத்திரைச் செயலிக்கு அந்தப் புகார் ஜலதோஷம் மாதிரி. எப்போதும் நாலு பேருக்கு இருக்கும். அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. சத்தம் குறைத்து வைத்திருக்கிறீர்களா பாருங்கள், ஃபோனை அணைத்துப் போடுங்கள், பொத்தான் பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம். அக்கா எழுதிய பதில்தான் அது. படிப்பதற்கு மிகவும் பணிவாக இருக்கும்.

ஒருநாள் இழுப்பறை ஃபோனில் புது பில்டு ஏறவில்லை. இடம் நிரம்பிவிட்டது. வருஷக்கணக்கில் குப்பை சேர்ந்திருந்தது. ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்துப் பொறுமை போய், எல்லாவற்றையும் துடைத்து, புதிதாக வாங்கியபோது இருந்ததுபோல் ஆக்கினாள். செயலியைப் புதிதாக ஏற்றினாள். டெஸ்ட் தாத்தாவை மறுபடி உண்டாக்கி, மதிய மாத்திரைக்கு நேரம் பதித்து, பச்சை ஒளிர்ந்ததும் இழுப்பறைக்குள் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அன்று யாரும் சாப்பிட எழவில்லை. அவரவர் திரையைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி மட்டும் அறைக்குள் அடிக்கடி வயிற்றைத் தடவிக்கொண்டார். கடைசியில் தாடிக்காரன்தான் சோம்பல் முறித்துக்கொண்டு, "என்னக்கா, இன்னிக்கு எல்லாரையும் பட்டினி போடறதா உத்தேசமா?" என்றான். யாரோ சிரித்தார்கள்.

அக்கா இழுப்பறையைத் திறந்தாள். ஃபோன் விழித்துத்தான் இருந்தது. நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. பொத்தான் பச்சையாக இருந்தது, ஆஸ்பத்திரியில் அவள் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டிய அதே பச்சை. "நீங்க போங்க" என்றாள். அவர்கள் டப்பாக்களோடு போனார்கள். அவள் போகவில்லை.

தன் கையால் எழுதிய அந்தத் தற்காலிக வரியை எடுத்தாள். பொத்தி வைத்திருந்த வாய்களெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. சிவப்பு வரிகளுக்கு நடுவே, மணி பேக்கேஜின் புது வெர்ஷனை எழுதிய முகம் தெரியாத மனிதன் குறிப்பு வைத்திருந்தான். அன்றே புது வெர்ஷனை எடுத்திருந்தால் அன்றே கண்ணில் பட்டிருக்கும். புது விதிப்படி, குறித்த நேரத்துக்கு மணி அடிக்க வேண்டுமென்றால் செயலி முதலில் ஃபோன்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபோன் சத்தமில்லாமல் மறுத்துவிடும். முன்பே செயலி இருந்த ஃபோன்களில் பழைய அனுமதி அப்படியே தொடரும். அதனால்தான் ஊரில் அத்தனை பேருக்கும் அடித்தது. அதனால்தான் டெஸ்ட் தாத்தாவுக்கும் அடித்தது. புது ஃபோன் வாங்கி, புதிதாக ஏற்றியவர்களுக்கு மட்டும் அடிக்கவில்லை. பச்சைப் பொத்தான், மாத்திரைக்காரர் மணி வேண்டும் என்று கேட்டிருக்கிறார் என்று மட்டும்தான் காட்டியது. ஃபோன் சம்மதித்ததா என்று அதைக் கேட்டவர் யாரும் இல்லை.

அவன் அன்றைக்கு முதலில் இரண்டே வார்த்தைதான் சொன்னான். மணி அடிக்கலக்கா. இத்தனை சிவப்பு வரிகளைப் பொறுமையாக உட்கார்ந்து படிக்கிறவள், தம்பி சொன்ன இரண்டு வார்த்தையை நம்பவில்லை. அவன் வாயையும் பொத்தினாள். அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சாப்பிட்டுத் திரும்பி வந்தவர்கள் சத்தம் போடாமல் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். விஷயத்தைக் கேட்டதும் உடனே சரிசெய்துவிடலாம், அனுமதி கேட்கிற திரையைத் தாடிக்காரன் எழுதட்டும் என்றார். வெளியே என்ன சொல்வது என்று வரும்போது மட்டும் குரல் இறங்கியது. சில சிறு குறைகள் சரிசெய்யப்பட்டன என்று எப்போதும்போல் போட்டுவிடலாமே என்றார். ஊரைக் கூட்டி நம் தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்.

"அவங்க எல்லார் வீட்லயும் இப்ப யாரோ ஒருத்தர் திட்டு வாங்கிட்டு இருப்பாங்க சார்" என்றாள் அக்கா. "மாத்திரை போட மறந்துட்டேன்னு. அவங்க மறக்கல. அதை நாம சொன்னாதான் உண்டு."

சொல்லாமல் இந்த பில்டை நான் அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னாள். அனுப்பத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முதலாளி வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துவிட்டு, எழுதுங்கள் என்றார். புதிதாக ஏற்றிய சில ஃபோன்களில் மணி அடிக்காமல் இருந்தது, அது எங்கள் தவறு, உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள் என்று அவள் எழுதினாள். முதலாளி அதை இரண்டு முறை படித்தார். எதையும் அடிக்கவில்லை. புகார் எழுதியவர்களுக்கு, முன்பு அனுப்பிய பணிவான பதிலை மறந்துவிடும்படி தனித்தனியாக எழுதிவிட்டு எழுந்தாள். யார் யாருக்கு அது தாமதமாகப் போய்ச் சேரும் என்று அவளால் கணக்குப் போட முடியவில்லை. போட விரும்பவும் இல்லை.

இருட்டிய பிறகு அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா கடையிலிருந்து இன்னும் வரவில்லை. தம்பி வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் சணல் அறுத்த கோடுகள் சிவந்திருந்தன. வாக்கா என்று எழுந்து விளக்கைப் போட்டான். அவள் அவன் ஃபோனை வாங்கி, புது பில்டை ஏற்றி, கேட்ட அனுமதியைக் கொடுத்தாள். பிறகு ஃபோனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். நிமிர்ந்து பேச அவளால் முடியவில்லை.

"அன்னிக்கு மணி அடிக்கலடா. நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பா கட்டிட்டேன்."

கூட்டிய மருந்தால் அவனுக்கு இப்போதெல்லாம் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"நிஜமாவா?" என்றான்.

"நிஜமா."

"நான் டாக்டர்கிட்ட வேற மாதிரி சொல்லிட்டேனேக்கா. மணி அடிச்சுச்சு, நான்தான் அலட்சியமா இருந்துட்டேன்னு."

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"நீ அவ்வளவு உறுதியா சொன்னியே. அப்ப அடிச்சிருக்கும், எனக்குத்தான் கேக்கலன்னு நினைச்சேன். அப்புறம் யோசிக்க யோசிக்க, கேட்ட மாதிரியே ஞாபகம் வந்துருச்சு. கேட்டுட்டுத்தான் திரும்பிப் படுத்தேன்னு." நிறுத்தி மூச்சு வாங்கினான். "அதுக்கப்புறமும் ஒருநாளும் எனக்குக் கேக்கல. என் தலையிலதான் வேற என்னவோ ஆகுதுன்னு பயந்துட்டு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் அவள் கைக்குள் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தன. நாளைக்கே டாக்டரிடம் வருகிறேன், அச்சகத்துக்கும் வருகிறேன், அம்மாவிடம் இன்றைக்கே சொல்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"சொல்லுக்கா" என்றான் அவன். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. "நீ சொன்னா நம்புவாங்க."

மெஷினை அச்சகக்காரர் திரும்பக் கொடுப்பாரா என்று அவன் கேட்கவில்லை. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அப்போது, அவர்கள் இருவருக்கும் நடுவே கட்டிலில் கிடந்த ஃபோனில் ராத்திரி மாத்திரை மணி அடிக்க ஆரம்பித்தது.

அவன் ஃபோனைப் பார்த்தான். எடுக்கவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"இப்ப அடிக்குதாக்கா?"

"அடிக்குதுடா" என்றாள்.

அதன் பிறகுதான் அவன் மணியை அணைத்தான். மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, செம்பைத் தூக்கி, அவள் காதில் நன்றாக விழும்படி மடக் மடக்கென்று சத்தமாக விழுங்கினான்.